எம்மி விருதுகளைக் கணிப்பது எப்படி? வாக்குச்சீட்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஆண்டுதோறும் அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருதுகளுக்குக் கணிப்புப் போட்டி நடத்துகிறோம். பரிந்துரை பெறும் முக்கியத் தொடர்களை நானும் கணவரும் விடாமல் பார்க்கிறோம். விமர்சனங்களையும் தேடிப் படிக்கிறோம். ஆனாலும் எங்கள் கணிப்பில் பாதிகூடப் பலிப்பதில்லை. எதிர்வீட்டு மாமா அவற்றில் இரண்டு மூன்று தொடர்களைத்தான் பார்த்திருப்பார். போன முறை அவருக்குத்தான் முதலிடம். இதற்கென்று ஏதாவது முறை உண்டா? ஜனவரியில் வரும் கோல்டன் குளோப் முடிவுகளை வைத்துக் கணிக்கலாமா?

பதில்: முறை உண்டு. ஆனால் அதன் முதல் படி, உங்களைப் போல நிறையப் பார்ப்பவர்களுக்குத்தான் கடினமானது. எது சிறந்த தொடர் என்ற கேள்வியைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். ஒரு தொடரை ஆழ்ந்து ரசித்தவர், அது வெல்ல வேண்டும் என்ற ஆசையையே அது வெல்லும் என்ற கணிப்பாக எழுதிவிடுகிறார். உங்கள் எதிர்வீட்டு மாமாவுக்கு அந்தச் சுமை இல்லை. வாக்களிப்பவர்கள் யார், அவர்கள் எப்போது வாக்களிக்கிறார்கள், சீட்டில் எத்தனை பெயர்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற மூன்றையும் அறிந்துகொண்டால், பார்த்த தொடர்கள் அதன் பிறகு உங்களுக்குத் துணையாக நிற்கும்.

முதலில் வாக்காளர்கள். எம்மியை வழங்கும் டெலிவிஷன் அகாடமியில் 20,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் தொலைக்காட்சித் துறையிலேயே வேலை செய்பவர்கள். விமர்சகர்களுக்கோ பொதுமக்களுக்கோ இதில் வாக்கில்லை. சிறந்த தொடர் யாருக்கு என்பதில் எல்லாப் பிரிவினரும் வாக்களிக்கலாம். ஆனால் நடிப்புக்கு நடிகர்களும், எழுத்துக்கு எழுத்தாளர்களும், இயக்கத்துக்கு இயக்குநர்களும் மட்டுமே வாக்களிக்கிறார்கள். ஆகவே ஒரே இரவில் ஒரே மேடையில் அறிவிக்கப்பட்டாலும் இவை தனித்தனித் தேர்தல்கள். 2025-இல் டிராமா பிரிவில் சிறந்த தொடராக ‘தி பிட்’ வென்றது. இயக்கத்துக்கான விருது ‘ஸ்லோ ஹார்ஸஸ்’ தொடருக்கும், எழுத்துக்கான விருது ‘ஆண்டோர்’ தொடருக்கும் போயின. கணிப்புத் தாளில் சிறந்த தொடருக்கு எழுதிய பெயரையே இயக்கம், எழுத்துக் கட்டங்களிலும் அப்படியே நிரப்பியவர்கள் இரண்டு மதிப்பெண்களை அந்த இடத்திலேயே இழந்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புமுன் இதற்கு வாக்களிக்கும் கூட்டம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூலை மாதம் பரிந்துரைப் பட்டியல் வந்ததும் அதிகப் பரிந்துரை பெற்ற தொடரே வெல்லும் என்று எழுதுவது வழக்கம். இந்த எண்ணிக்கையை எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும். 2025-இல் ‘செவரன்ஸ்’ 27 பரிந்துரைகளோடு முன்னணியில் நின்றது. ‘தி ஒயிட் லோட்டஸ்’ 23 பெற்றது. 13 மட்டுமே பெற்ற ‘தி பிட்’ வென்றது. குறுந்தொடர் பிரிவிலும் 24 பரிந்துரை பெற்ற ‘தி பெங்குயின்’ தொடரைத் தாண்டி, 13 பெற்ற ‘அடலசென்ஸ்’ வென்றது. காரணம் எளிது. ஒப்பனை, ஆடை, கலை இயக்கம், காட்சி விளைவுகள் ஆகியவற்றுக்கெல்லாம் தனித்தனி விருதுகள் இருப்பதால், கற்பனை உலகத்தைக் கட்டியெழுப்பும் தொடருக்கு எண்ணிக்கை தானாகவே ஏறுகிறது. ‘தி பிட்’ போல மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே நடக்கும் தொடருக்கு அப்படி ஏற வழியில்லை. நான் பட்டியலைப் படிக்கும்போது நடிப்பு, எழுத்து, இயக்கம், படத்தொகுப்பு, நடிகர் தேர்வு ஆகிய ஐந்தை மட்டும் எண்ணுவேன். இந்த ஐந்திலும் இடம்பெற்ற தொடர் மொத்த எண்ணிக்கையில் பின்தங்கியிருந்தாலும் அதைத் தள்ளிவிடக் கூடாது.

அடுத்தது வாக்குச்சீட்டு. இறுதிச் சுற்றில் உறுப்பினர் ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கிறார். இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம் என்று வரிசைப்படுத்துவதில்லை. யாருக்கு அதிக வாக்கோ அவர் வெல்கிறார்; பாதிக்கு மேல் பெற வேண்டிய கட்டாயமும் இல்லை. ஏழு பேர் போட்டியிடும் பிரிவில் 1,000 வாக்குகள் பதிவானால், கணக்குப்படி 144 வாக்குகள் பெற்றவரும் வெல்ல முடியும். எல்லோருக்கும் ஓரளவு பிடித்தவரைவிட, ஒரு சிறு கூட்டத்துக்கு மிகவும் பிடித்தவருக்கு இந்த முறை சாதகமானது. 2025-இல் நகைச்சுவைத் துணை நடிகருக்கான விருதை, ஹாரிசன் ஃபோர்டு போன்ற பெரும் பெயர்கள் இருந்த பட்டியலில், ‘சம்படி சம்வேர்’ தொடரின் ஜெஃப் ஹில்லர் வென்றதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். எதிர்பாராத முடிவுகள் துணை நடிப்புப் பிரிவுகளில் அடிக்கடி வருவதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஒரே தொடரிலிருந்து பலர் போட்டியிட்டால் வாக்கு சிதறும் என்று உங்கள் போட்டியிலும் யாராவது சொல்வார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் முடிவுகள் அதற்கு ஒத்துப்போகவில்லை. 2024 ஜனவரியில் நடந்த 75-ஆவது எம்மியில் ‘சக்சஷன்’ தொடரிலிருந்து மூன்று பேர் முதன்மை நடிகர் பிரிவில் இருந்தார்கள். அவர்களில் கீரன் கல்கின் வென்றார். துணை நடிகை பிரிவில் ‘தி ஒயிட் லோட்டஸ்’ நடிகைகள் ஐந்து பேர் மோதினார்கள். அவர்களில் ஜெனிஃபர் கூலிட்ஜ் வென்றார். 2025-இல் அதே தொடரின் நான்கு நடிகைகளைத் தாண்டி, ‘தி பிட்’ தொடரிலிருந்து தனியாக நின்ற கேத்தரின் லநாசா வென்றபோது சிதறல் என்றார்கள். அதே இரவில் ‘செவரன்ஸ்’ தொடரின் மூன்று துணை நடிகர்களில் ஒருவரான ட்ரமெல் டில்மன் வென்றார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஒரு தொடர்மீது அலை வீசும்போது, அதிலிருந்து எத்தனை பேர் நின்றாலும் வாக்காளர்கள் தங்களுக்குள் ஒருவரிடம் வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

இனி நாட்காட்டி. கணிப்பில் அதிகம் தவறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எம்மி ஆண்டு ஜூன் 1-இல் தொடங்கி அடுத்த மே 31-இல் முடிகிறது. ஜூனில் பரிந்துரைக்கான வாக்கு, ஜூலையில் பட்டியல், ஆகஸ்ட் பின்பாதியில் இறுதி வாக்கு, செப்டம்பரில் விழா. விழா மேடையில் எந்த சீசனுக்கு விருது, வாக்களித்தவர் மனத்தில் அப்போது எந்த சீசன் இருந்தது என்ற இரண்டும் வெவ்வேறாக இருக்கலாம். 2024-இல் ‘தி பேர்’ தொடருக்கு நேர்ந்தது இதுதான். நகைச்சுவைத் தொடர்களில் அதுவரை இல்லாத அளவுக்கு 23 பரிந்துரைகள். போட்டியில் இருந்தது 2023 ஜூனில் வந்த இரண்டாவது சீசன். ஆனால் 2024 ஜூன் கடைசியில், பரிந்துரை வாக்கு முடிந்த கையோடு, மூன்றாவது சீசன் வெளியானது. அதற்கு முந்தையவற்றுக்குக் கிடைத்த வரவேற்பு கிடைக்கவில்லை. ஆகஸ்டில் வாக்களித்தவர்கள் ஓராண்டுக்கு முன் பார்த்ததற்கு வாக்களிக்க வேண்டியிருந்தபோது, போன மாதம் பார்த்ததுதான் நினைவில் நின்றிருக்கும். எதிரே ‘ஹேக்ஸ்’ மூன்றாவது சீசன், தகுதிக் காலம் முடிய ஒரு நாள் இருக்கும்போது, மே 30-இல் நிறைவடைந்தது. ‘தி பேர்’ அந்த ஆண்டு 11 விருதுகளைப் பெற்று நகைச்சுவையில் சாதனை படைத்தது. சிறந்த நகைச்சுவைத் தொடர் விருது மட்டும் ‘ஹேக்ஸ்’ தொடருக்குப் போனது.

செய்திகளும் இதே இடைவெளியில் வேலை செய்கின்றன. 2025 ஜூலையில், பட்டியல் வந்த சில நாட்களிலேயே, ஸ்டீஃபன் கோல்பேரின் ‘லேட் ஷோ’ நிறுத்தப்படப் போவதாக அறிவிப்பு வந்தது, ஆகஸ்டில் வாக்குப்பதிவு, செப்டம்பரில் சிறந்த உரையாடல் நிகழ்ச்சிக்கான விருது அதற்கே கிடைத்தது. எனவே ஜூலையில் எழுதிய கணிப்பை ஆகஸ்ட் முடிவில் ஒரு முறை திருத்துங்கள். வாக்குப்பதிவு முடிந்த பிறகு வரும் செய்திகளுக்காகத் திருத்தாதீர்கள்.

கோல்டன் குளோப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டைக் கணக்கில் கொள்கிறது. அதன் வாக்காளர்கள் பல நாடுகளைச் சேர்ந்த இதழாளர்கள். அவர்களுக்கு எம்மியில் வாக்கில்லை. 2025-இல் எம்மி வென்ற ‘தி பிட்’, ‘தி ஸ்டுடியோ’, ‘அடலசென்ஸ்’ மூன்றுமே அந்த ஆண்டு ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே தொடங்கியவை. 2024-ஆம் ஆண்டுத் தொடர்களுக்கு வழங்கிய அந்த ஜனவரியின் குளோப் அவற்றைப் பற்றி எதையும் சொல்லியிருக்க முடியாது. 2024 ஜனவரியில் குளோப் விழாவும், ஹாலிவுட் வேலைநிறுத்தத்தால் தள்ளிப்போன எம்மி விழாவும் எட்டு நாள் இடைவெளியில் நடந்து, இரண்டிலும் ‘சக்சஷன்’, ‘தி பேர்’, ‘பீஃப்’ வென்றதைச் சிலர் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் அந்த எம்மிக்கான இறுதி வாக்குப்பதிவு 2023 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. ‘தி பேர்’ தொடரில் குளோப் பாராட்டியது இரண்டாவது சீசனை, எம்மி பாராட்டியது முதல் சீசனை. ஆகவே முந்தைய ஆண்டின் ஜூன் முதல் டிசம்பருக்குள் வந்த தொடர்களுக்கு மட்டும் ஜனவரி முடிவுகளை ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நடிப்புக்குத் திரை நடிகர் சங்க விருதை நான் சற்றுக் கூடுதலாக மதிப்பேன். அங்கும் வாக்களிப்பவர்கள் நடிகர்கள்தான்.

பலர் கவனிக்காமல் விடும் நல்ல தடயம் ஒன்று உண்டு. முக்கிய விழாவுக்கு முந்தைய வார இறுதியில் கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் எம்மி என்ற பெயரில் இரண்டு இரவுகள் தொழில்நுட்ப விருதுகளையும் கௌரவ நடிகர் விருதுகளையும் வழங்குகிறார்கள். அதற்குள் வாக்குப்பெட்டி மூடப்பட்டுவிடுவதால் இந்த முடிவுகள் யார் மனத்தையும் மாற்றுவதில்லை. ஏற்கெனவே விழுந்த வாக்கின் ஒரு பகுதியைத் திறந்து காட்டுகின்றன. நடிகர் தேர்வு விருது யாருக்கு என்பதை முதலில் பாருங்கள். 2025-இல் டிராமாவில் அது ‘தி பிட்’ தொடருக்கும், நகைச்சுவையில் ‘தி ஸ்டுடியோ’ தொடருக்கும் போயிற்று. ‘தி பிட்’ தொடரில் கௌரவ வேடமேற்ற ஷான் ஹாட்டோசியும் வென்றார். ‘செவரன்ஸ்’ என்று எழுதியிருந்தவர்களுக்குத் திருத்திக்கொள்ள முழுதாக ஒரு வாரம் இருந்தது. 2024-இல் நகைச்சுவை நடிகர் தேர்வு விருதைப் பெற்ற ‘தி பேர்’ அடுத்த வாரம் சிறந்த தொடர் விருதை இழந்ததால், இதுவும் முடிந்த முடிவல்ல. ஆனாலும் விழாவுக்கு முன் கையில் கிடைப்பவற்றில் இதைவிட வலுவான தடயம் வேறு இல்லை.

பழக்கத்தின் வலிமையையும் குறைத்து எடைபோட வேண்டாம். எம்மி வாக்காளர்கள் ஒருமுறை கைகொடுத்தவருக்கு மறுபடியும் கைகொடுப்பவர்கள். ‘மாடர்ன் ஃபேமிலி’ 2010 முதல் 2014 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. ‘ஹேக்ஸ்’ தொடரின் முதல் நான்கு சீசன்களுக்கும் ஜீன் ஸ்மார்ட்டே சிறந்த நடிகை. ஜான் ஆலிவரின் செய்தி நையாண்டி நிகழ்ச்சி 2016 முதல் 2025 வரை எந்த எம்மியிலும் தன் பிரிவின் சிறந்த நிகழ்ச்சி விருதை இழக்கவில்லை. மறுபுறம் ‘பெட்டர் கால் சால்’ மொத்தம் 53 பரிந்துரைகள் பெற்றும் ஒரு விருதுகூட வாங்காமல் முடிந்தது. அத்தனை உயர்ந்த தொடருக்கு நேர்ந்த அந்த அநியாயம் எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்த ஆதங்கத்தைக் கணிப்புத் தாளில் எழுதக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

இப்போது உங்கள் போட்டிக்கு வருவோம். கோல்ட் டெர்பி போன்ற தளங்களில் பலருடைய கணிப்புகளின் சராசரி கிடைக்கும். கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் முடிந்த பிறகு அதைப் பார்த்து, கருத்து ஒன்றுபட்டிருக்கும் பிரிவுகளில் அப்படியே எழுதிவிடுங்கள். பக்கத்து வீட்டாரும் அதையே எழுதுவார்கள் என்பதால் அங்கே யாருக்கும் லாபமோ நட்டமோ இல்லை. கருத்து பிளவுபட்டிருக்கும் துணை நடிப்பு, எழுத்து, இயக்கப் பிரிவுகளில் இரண்டே இரண்டில் மட்டும் பெரும்பான்மைக்கு மாறாகத் துணிந்து எழுதுங்கள்; ஆறு ஏழு இடங்களில் துணிந்தால் பாதிக்கு மேல் போகாத பழைய நிலைதான் மிஞ்சும்.

இந்தியத் தொடர்கள் போட்டியிடும் சர்வதேச எம்மிக்கு இதே தாளைப் பயன்படுத்தாதீர்கள். ‘டெல்லி கிரைம்’ 2020-இல் வென்றது அந்த விருதை. நியூயார்க்கில் நவம்பரில் நடக்கும் அதை வழங்குவது வேறு அமைப்பு, தேர்ந்தெடுப்பவை நடுவர் குழுக்கள்.

செப்டம்பர் விழா நமக்குப் பெரும்பாலும் திங்கள் அதிகாலை, சில ஆண்டுகளில் செவ்வாய் அதிகாலை, 5.30 மணிக்குத் தொடங்கும். ஆகவே தாள்களை முந்தைய இரவு பத்து மணிக்குள் வாங்கிவிடுங்கள். பணம் வைத்து நடத்த வேண்டாம்; புத்தகமோ உணவுக் கூப்பனோ பரிசாக இருக்கட்டும். சமநிலை வந்தால் பயன்படுத்த, அந்த ஆண்டு அதிக எம்மி வெல்லும் தொடர் எது, மொத்தம் எத்தனை என்ற ஒரு கேள்வியைத் தாளின் கடைசியில் சேருங்கள். கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் முடிவுகளை எண்ணி வைத்திருப்பவருக்கு அதில் பாதி விடை அப்போதே கையில் இருக்கும்.