தோற்றுப்போன திருத்தங்கள்

கேள்வி: அரசியல் சட்டத்தை எழுதியவர் அம்பேத்கர் என்று பள்ளியில் படித்தோம். 'ஒரு குழு எழுதியது, அவர் பெயரை மட்டும் சொல்வது தவறு' என்கிறார்கள் சிலர். எது சரி?
— கல்லூரி மாணவி, குரோம்பேட்டை

பதில்: பள்ளியில் படித்ததை விட்டுவிடாதீர்கள், அம்மா. 1947 ஆகஸ்ட் 29 அன்று அமைந்த வரைவுக் குழுவில் ஏழு பேர். பின்னால் அதில் இடம்பெற்ற நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரியே 1948 நவம்பர் 5 அன்று, அரசியல் சட்டத்தை விவாதித்து நிறைவேற்றிய அரசியல் நிர்ணய சபையில் கணக்கை விரித்துச் சொன்னார். ஒருவர் விலகிவிட்டார், ஒருவர் இறந்துபோனார், ஒருவர் அமெரிக்காவில், ஒருவருக்கு அரசாங்க வேலை, ஓரிருவர் உடல்நலம் குன்றி டெல்லிக்கு வெளியே. பாரம் முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்றார்.

அம்பேத்கரோ 1949 நவம்பர் 25 அன்று பேசும்போது, முதல் வரைவைத் தயாரித்த பி.என். ராவுக்கும், சட்ட வாசகத்தைச் செதுக்கிய எஸ்.என். முகர்ஜிக்கும் பெருமையைப் பங்கிட்டுக் கொடுத்தார். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் தன்னைவிடத் திறமையானவர்கள் என்றும் சொன்னார். மயிலாப்பூர்க்காரனான எனக்கு அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் கண் கலங்கும். பாரத்தைச் சுமந்தவரே இப்படிச் சொல்கிறார், பாருங்கள்.

கேள்வி: அரசியல் சட்டத்தை உருவாக்க ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், வரைவுக்கு ஆயிரக்கணக்கான திருத்தங்கள். வீண் பேச்சில் காலம் போயிற்று என்று சொல்லலாமா?
— வாசகர், அயனாவரம்

பதில்: சொல்லக் கூடாது. அன்றைக்கே இந்தப் புகார் எழுந்தது. ஆஸ்திரேலியாவுக்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்ததே என்று அம்பேத்கர் பதில் சொன்னார். வந்த திருத்தங்கள் சுமார் 7,635. அவையில் முன்மொழியப்பட்டவை 2,473.

நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளனாகக் காலம் கழித்தவன். நீதிபதி சொல்லச் சொல்லத் தீர்ப்பை எழுதுவோம். வக்கீல்கள் மணிக்கணக்கில் வாதாடியது பெரும்பாலும் காற்றோடு போய்விடும். அரசியல் நிர்ணய சபையில் அப்படி இல்லை. தோற்றவரின் பேச்சும் ஒரு சொல் விடாமல் அச்சில் இருக்கிறது. லஸ் முனையில் பழைய புத்தகக்காரரிடம் வாங்கிய ஒரு தொகுதி, அட்டை பிய்ந்து, என் மேசையில் கிடக்கிறது.

அதில் 1949 அக்டோபர் 17. முகப்புரையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என்கிறார் எச்.வி. காமத். அஸ்ஸாமிலிருந்து வந்த ரோஹிணி குமார் சௌத்ரி எழுந்து, கடவுள் என்றால் தேவியை ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறார். காமாக்கியா தேவி கோயில் இருக்கும் மண் அல்லவா! நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை, இது கட்டாயப்படுத்துவது ஆகாதா என்கிறார் திருவிதாங்கூரின் பட்டம் தாணுப் பிள்ளை. கடவுளை வாக்கெடுப்புக்கு இழுக்க வேண்டாம் என்று காமத்தைக் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். அவர் விடவில்லை. ஆதரவு 41, எதிர்ப்பு 68. பிரிவினையின் ரத்தம் காய்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நாடு அது. அப்படிப்பட்ட நாட்டில் கடவுள் பெயர் 27 வாக்குகளில் தோற்கிறது. அவை அடுத்த திருத்தத்துக்குப் போகிறது. இதை வீண் பேச்சு என்று என்னால் ஒருநாளும் சொல்ல முடியாது.

கேள்வி: அரசியல் சட்டம் சாதாரண மனிதர்கள் படிக்கக்கூடிய புத்தகமா?
— இல்லத்தரசி, பெரம்பூர்

பதில்: சென்னை மாகாணத்திலிருந்து சென்ற அம்மு சுவாமிநாதன் உங்கள் கட்சிதான். அரசியல் சட்டம் என்றால் கைப்பையிலோ சட்டைப்பையிலோ அடங்க வேண்டும் என்று நினைத்திருந்தாராம். வந்ததோ 395 பிரிவுகள், 8 அட்டவணைகள். முழுவதையும் படிக்கச் சொல்ல மாட்டேன். அடிப்படை உரிமைகள் உள்ள மூன்றாம் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பதிப்பு கிடைக்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. அதை வீட்டில் பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.