கழுத்துல டேப்பு, மனசெல்லாம் தராசு

கேளுங்க அக்கா – வாசகர் கேள்வி பதில்

இந்த வாட்டி வந்த லெட்டர்ல முக்காவாசி வெயிட்டு பத்திதான். வெயில் ஏற ஏற எல்லாருக்கும் தொப்பை ஞாபகம் வந்துருது போல. முதல் லெட்டருக்கு பதில் நீளமா போயிருச்சு, பொறுத்துக்கோங்க.

கேள்வி: அக்கா, எனக்கு காவேரிப்பட்டணம். வீட்டுலயே தையல் மிஷின் போட்டு ப்ளவுஸ் தைக்கிறேன், வயசு 36, ரெண்டு பசங்க. பொங்கலுக்கு 81 கிலோ இருந்தேன். நைட்டு சோறு நிறுத்திட்டு காலைல அரைமணி நேரம் ரோட்டுல நடந்தேன், மூணே வாரத்துல 4 கிலோ கொறஞ்சுது, குஷியாயிட்டேன். அப்புறம் ஆறு வாரத்துக்கு ஒரே ஒரு கிலோ. இப்ப மூணு வாரமா 76லயே நிக்குது. நடுவுல அம்மா ஊருல மாரியம்மன் பண்டிகைன்னு போயி ஒரு வாரம் எல்லாம் போச்சு, திரும்பி வந்த திங்கக்கிழம "இனிமே எதுக்கு"ன்னு படுத்துட்டேன். நடக்கப் போனா "என்ன சுகரா?"ன்னு கேக்குறாங்க. வீட்டுக்காரரு "எப்பிடி இருந்தா என்ன, விடு"ங்கறாரு. கூட வர ஆளும் இல்ல, ஜிம்முக்கு போக காசும் இல்ல. தனியா எப்பிடிக்கா விடாம செய்றது?

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த 4 கிலோ கதைய முடிச்சுருவோம், ஏன்னா உங்க சோர்வுக்கு மூலமே அதுதான். நாம திங்கற சோறு, களி, இட்லில இருந்து வர்ற மாவுச்சத்துல கொஞ்சத்த உடம்பு ஈரல்லயும் தசையிலயும் சேத்து வச்சுக்கும், சும்மா வைக்காது, ஒரு கிராமுக்கு சுமாரா மூணு கிராம் தண்ணியையும் கூடவே புடிச்சு வச்சுக்கும். நைட்டு சோறு நின்னதும் அந்த சேமிப்பு செலவாகி தண்ணியும் வெளிய போயிருச்சு. அதனால மொத மூணு வாரத்துல போனதுல ஒரு பங்கு வெறும் தண்ணி. கொழுப்பு அவ்ளோ வேகமா கரையாது. ஒரு கிலோ கொழுப்புன்னா கிட்டத்தட்ட 7,700 கலோரி. தெனமும் 500 கலோரி மிச்சம் புடிச்சாக்கூட வாரத்துக்கு அரைகிலோ போனா பெரிய விஷயம். அரைமணி நேர நடைக்கு உங்க எடைக்கு 130, 150 கலோரி செலவாகும், அத ரெண்டு பஜ்ஜி திருப்பிக் குடுத்துரும். ஆக, முதல் மூணு வாரம் உங்களுக்கு ஆசை காட்டிருச்சு, இப்ப நடக்கறதுதான் உண்மையான வேகம்.

அதோட உடம்பு 81ல இருந்து 76க்கு வந்துட்டா சும்மா உக்காந்திருக்கவே அதுக்கு முன்ன விட கொஞ்சம் கம்மி கலோரி போதும், சுமை கம்மியாயிருச்சு இல்ல. அதான் ஒரே சாப்பாடு ஒரே நடைன்னா ஒரு இடத்துல நின்னுக்கும். எல்லாருக்கும் நிக்கும்.

சரி, உங்க லெட்டர படிச்சு நான் சிரிச்சது எதுக்குன்னா, ஊரு பொம்பளைங்க இடுப்பளவு எல்லாம் உங்க நோட்டுல இருக்கு, உங்க அளவு இல்ல! நாள் பூரா கழுத்துல டேப்ப தொங்கப் போட்டுக்கிட்டு தராசு மேல ஏறி நின்னு அழுதுட்டு இருக்கீங்க. கருவாட்டுக் கொழம்பு சாப்ட்டா மறுநாள் ஒரு கிலோ ஏறும், மாதவிலக்குக்கு முன்ன ஏறும், ரெண்டு நாளு மலம் சரியா போகலைன்னா ஏறும், இதெல்லாம் கொழுப்பு இல்ல. டேப்ப எடுங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேடுக்கும் நடுவுல, மூச்ச விட்டுட்டு, வயித்த உள்ள இழுக்காம (இழுப்பீங்க, எனக்கு தெரியும்) அளங்க. நம்ம நாட்டு பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ள, ஆம்பளைங்களுக்கு 90க்குள்ள இருக்கணும்னு டாக்டருங்க சொல்றாங்க, உங்க இஞ்சு கணக்குல முப்பத்தொன்னரை, முப்பத்தஞ்சரை. இப்பவே அங்க வந்துரணும்னு இல்ல. ஆர்டர் நோட்டுல உங்களுக்குன்னு ஒரு பக்கம் போட்டு மாசம் ஒருக்கா எழுதுங்க, கூடவே மூணு வருஷத்துக்கு முன்ன தச்ச ப்ளவுஸ் ஒன்ன வெளிய எடுத்து வைங்க, கொக்கி எது வரைக்கும் மாட்டுதுன்னு அது பொய் சொல்லாம சொல்லும். தராசு வாரத்துக்கு ஒரு நாள், காலைல வெறும் வயித்துல, அவ்ளோதான்.

இன்னொன்னு, 81ல 5 கிலோன்னா ஆறு சதவீதம். அஞ்சு சதவீதம் கொறஞ்சாலே பிரஷருக்கும் சுகருக்கும் நல்லதுன்னு டாக்டருங்க சொல்ற கணக்க நீங்க ஏற்கெனவே தாண்டிட்டீங்க.

அடுத்து "என்ன சுகரா?" சமாச்சாரம். நம்ம பக்கம் ஒரு பொம்பள கையில குடமோ கூடையோ இல்லாம ரோட்டுல நடந்தா ஒன்னு சுகரு, இல்ல வீட்டுல சண்டைன்னு முடிவு பண்ணிருவாங்க. நான் தருமபுரில பென்னாகரம் ரோட்டு பக்கம் நடக்க ஆரம்பிச்சப்ப இதே கேள்விதான், பதில் சொல்லி மாளல. ஒரு நாள் வெறும் வயர் கூடைய கையில மாட்டிக்கிட்டு கெளம்பினேன். ஒருத்தரும் கேக்கல! உழவர் சந்தைக்கு போறா போலன்னு விட்டுட்டாங்க. ரெண்டு மாசம் காலிக்கூடையோட நடந்திருக்கேன், வெக்கமாத்தான் இருக்கு சொல்றதுக்கு. அதுக்கு முன்ன ஜிம்முக்கு ஒரு வருஷ பணத்த மொத்தமா கட்டிட்டு பதினோரு நாள் போனேன், நாலாவது மாசம் அந்த ஜிம்மையே மூடிட்டாங்க, பணமும் வரல. அதனால ஜிம் இல்லைன்னு நீங்க கவலப்படாதீங்க, போனவங்க கதையும் இப்பிடித்தான் இருக்கு.

ஒரு வாரம் விட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2010ல வந்துச்சு அது, ஒரு காரியம் யோசிக்காமலே செய்ற பழக்கமா மாற எத்தன நாள் ஆவுதுன்னு. சராசரி 66 நாளு. ஆனா ஆளாளுக்கு 18ல இருந்து 254 வரைக்கும் கணக்கு போச்சு. நடுவுல ஒரு நாள் விட்டா பெருசா ஒன்னும் கெடல. நீங்க விட்டது ஒரு நாள் இல்ல ஒரு வாரம், அத நான் மூடி மறைக்கல, ஆனா பண்டிகைல கெடா வெட்டு சாப்ட்டது உங்கள கெடுக்கல, திரும்பி வந்த முதல் திங்கக்கிழம "இனிமே எதுக்கு"ன்னு படுத்திருந்தீங்க பாருங்க, அங்கதான் வண்டி பஞ்சர். அடுத்த வாட்டி ஊருக்குப் போனா, வந்த மறுநாள் காலைல பத்தே நிமிஷம் நடந்துட்டு வாங்க. செருப்ப மாட்டி வாசல் தாண்டுனா போதும், வேகமெல்லாம் மூணாவது நாள் பாத்துக்கலாம்.

ஆர்வம் வந்தா நடக்கலாம்னு காத்திருக்காதீங்க தங்கச்சி. தெனமும் மிஷின்ல உக்காரும்போது ஆர்வமா பொங்குது? வாடிக்கைக்காரங்க சாயந்திரம் வந்து நிப்பாங்கன்னு தைக்கிறீங்க. அதே மாதிரி நடைக்கும் ஒரு இடத்த கட்டிப் போடுங்க, பால் வாங்கின கையோட, இல்ல பசங்கள ஸ்கூல் பஸ் ஏத்துன கையோட, திரும்பி வீட்டுக்குள்ள நுழையாம அப்பிடியே. உள்ள நுழைஞ்சீங்கன்னா அடுப்பு கூப்புடும்.

நாள் பூரா குனிஞ்சு உக்காந்திருக்கறதும் ஒரு கோளாறு. ஒரு ப்ளவுஸ் முடிஞ்சா எழுந்திருங்க, கைப்புடி இல்லாத சேர்ல உக்காந்து எந்திரிங்க பத்து வாட்டி, செவுத்துல கைய ஊனி தண்டால் மாதிரி பத்து வாட்டி. வாரத்துக்கு ரெண்டு நாளாவது தசைக்கு வேலை குடுங்கன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, வேக நடை வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேணும்னும் சொல்லுது. நீங்க அரைமணி நேரம் அஞ்சு நாள் நடந்தா கணக்கு சரியா போச்சு. சோத்த கொறச்சுட்டு வெறும் டீயும் பிஸ்கட்டும்னு இருந்தா கொழுப்போட தசையும் சேந்து போயிரும், அதனால முட்டை, கொள்ளு, பயிறு, தயிரு இதுல ஒன்னு ஒவ்வொரு வேளையும் தட்டுல இருக்கணும்.

தூக்கம் கெட்டு, முடி கொட்டி, மாசக் கணக்கு தப்பி, எப்பவும் அசதின்னு இருந்தா மட்டும் தைராய்டு ஒருவாட்டி பாத்துருங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரில கேளுங்க. பிரஷர், சுகரு பாக்க வீட்டுக்கே வர்றாங்களே, மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட்ல அது தொடங்குனதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளிலதான். அவங்க வந்தா "எனக்கென்ன"ன்னு உள்ள போயிராதீங்க, கைய நீட்டுங்க. அடுத்த வாட்டி யாராச்சும் "சுகரா?"ன்னு கேட்டா நம்பரையே சொல்லிரலாம்.

வீட்டுக்காரரு "விடு"ன்னு சொல்றது கெட்ட எண்ணத்துல இல்ல. ஆனா அவரு பாராட்டுவாருன்னு காத்திருந்தா 254 நாளும் போயிரும்.

கேள்வி: அக்கா, நான் பாலக்கோடு, ஓசூர்ல கம்பெனில ஷிப்ட் வேலை, வயசு 27. களி தின்னா ஒடம்பு எளைக்கும்னு யூடியூப்ல பாத்து மூணு மாசமா மூணு வேளையும் ரெண்டு ரெண்டு உருண்டை. 2 கிலோ ஏறிருச்சு! ராகி பொய்யா?

பதில்: ராகி பொய் சொல்லல தம்பி, உருண்டை பெருசு. நூறு கிராம் ராகி மாவும் நூறு கிராம் அரிசியும் கலோரில கிட்டத்தட்ட அண்ணன் தம்பி, 320ல இருந்து 350க்குள்ள. ராகில சுண்ணாம்புச் சத்து அள்ளிக்கிட்டு இருக்கு, நூறு கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல, அரிசில அதெல்லாம் பேருக்குத்தான். நார்ச்சத்தும் ஜாஸ்தி. எலும்புக்கு நல்லது, பசி தாங்கும், ஆனா தின்னா தானா எளைக்கற மந்திரம் எதுவும் அதுல இல்ல. அதுலயும் களிய நாம மெல்லறதே இல்லையே, கொழம்புல தொட்டு அப்பிடியே முழுங்கறோம், ரெண்டு உருண்டை உள்ள போனது வயித்துக்கு தெரியறதுக்குள்ள தட்டு காலி. உங்க தாத்தா மூணு உருண்டை தின்னாருன்னா அப்புறம் மாடு கட்டி கவலை ஓட்டி கெணத்துத் தண்ணி எறைச்சாரு. நீங்க தின்னுட்டு கம்பெனி பஸ்ல ஜன்னல் சீட்டுல சாஞ்சு ராயக்கோட்டை தாண்டறதுக்குள்ள தூங்கிருவீங்க.

ஒரு நாளைக்கு ஒரே வேளை, ஒரே உருண்டை, அதுவும் கைக்குள்ள அடங்கற அளவு. கூட கீரை கடைஞ்சதோ கொள்ளுக் கொழம்போ ரெண்டு பங்கு. அப்புறம் நைட் ஷிப்ட்ல எத்தன டீ? லெட்டர்ல அத எழுதவே இல்ல, கில்லாடி. அஞ்சு டீக்கு ரெண்டு ரெண்டு ஸ்பூன்னா பத்து ஸ்பூன் சக்கரை, 200 கலோரி கிட்ட அதுலயே போச்சு, கூட கடிக்கற போண்டா தனி. டீய விடச் சொல்லல, நைட்டு முழிச்சு வேலை செய்றவன்கிட்ட அப்பிடி சொன்னா பாவம். சக்கரைய பாதியாக்குங்க, பதினஞ்சு நாள்ல நாக்கு பழகிக்கும்.

கேள்வி: கிருஷ்ணகிரில இருந்துட்டு மாம்பழம் சாப்டாம வெயிட்டு கொறைக்க முடியுமா? தோப்பு வச்சிருக்கோம்.

பதில்: ஏன் சாப்டாம இருக்கணும்? நூறு கிராம் சதைக்கு 60 கலோரி சுமார்தான், நடுத்தரமா ஒரு பழம் முழுசும் சாப்ட்டா ஒன்னரை இட்லி, ரெண்டு இட்லி கணக்கு. வயிறு முட்ட சோறு தின்னுட்டு அதுக்கு மேல மூணு செந்தூரா உறிஞ்சறதுதான் தப்பு. நாலு மணி பசிக்கு போண்டாவுக்கு பதிலா ஒரு பழம், கடிச்சு சாப்டுங்க, சக்கரை போட்டு ஜூஸ் அடிக்காதீங்க. கிளிமூக்கு காயா இருந்தா உப்பு மொளகாத்தூள் தொட்டுக்கலாம், எனக்கு எழுதும்போதே வாய் ஊறுது. சுகரு இருக்கறவங்க மட்டும் உங்க டாக்டர கேட்டுட்டு.

கேள்வி: தருமபுரில ரிட்டயர் ஆனவன், வயசு 63. முட்டி வலி. நடக்கணுமா, வேணாமா?

பதில்: ஐயா, முட்டி வீங்கி செவந்து சூடா இருந்தா முதல்ல டாக்டரு. இல்ல, ஏறி எறங்கும்போது மட்டும் வலின்னா நடையவே நிறுத்திராதீங்க, தொடைத் தசை இளைச்சுப் போனா முட்டிக்கு இன்னும் சுமை. சமதளத்துல பத்து நிமிஷம், சாயந்திரம் இன்னொரு பத்து. சேர்ல உக்காந்து ஒரு கால நேரா நீட்டி அஞ்சு எண்ணி எறக்குங்க, காலுக்கு பத்து வாட்டி. அரசாங்கம் 2023ல ஒவ்வொரு மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டருக்கு நடைபாதை போட்டுச்சு, 'நடப்போம் நலம் பெறுவோம்'னு. எட்டையும் நடக்கச் சொல்லி யாரும் கணக்கு கேக்க மாட்டாங்க, ஒன்னு போயிட்டு திரும்புனாலும் போதும்.

கேள்வி: எல்லாருக்கும் சொல்றீங்களே, நீங்க எவ்ளோ வெயிட்டுக்கா?

பதில்: கேட்டுட்டீங்களா! 71. போன வருஷம் 69. ஏறுன ரெண்டும் பலாப்பழ சீசன் உபயம். இப்பவும் காலைல அதே ரோடு, அதே வயர் கூடை. முன்ன காலியா போயி காலியா வரும். இப்ப நிஜமாவே உழவர் சந்தை வரைக்கும் போயிடறேன், வரும்போது தக்காளியும் கீரையும் சேந்து நாலு கிலோ இருக்கும், கை மாத்தி மாத்தி தூக்கிட்டு வரேன். "என்ன, வண்டி இல்லையா?"ன்னு புதுசா ஒரு கேள்வி கெளம்பியிருக்கு.