யோங்செங் எழுதிய பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீனத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில், சிங் வம்சப் பேரரசர் யோங்செங் தம் தந்தை காங்சியின் உயிலில் ‘பதினான்காம் மகன்’ என்றிருந்ததை ‘நான்காம் மகனுக்கு’ என்று திருத்தி அரியணை ஏறியதாகக் காட்டினார்கள். இது வரலாறுதானா?

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கதை சாமர்த்தியமானது. சீனத்தில் பதினான்கைப் ‘பத்து’, ‘நான்கு’ என்ற இரண்டு எழுத்துகளால் எழுதுவார்கள்; அதில் பத்தைக் குறிக்கும் எழுத்து நம் கூட்டல் குறியைப் போன்றது. அதன் தலையில் ஒரு கோட்டையும் காலில் ஒரு கொக்கியையும் சேர்த்தால், நம் நான்காம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்யும் எழுத்தாகிவிடும். ஆனால் அரண்மனை ஆவணங்களில் இளவரசரின் வரிசை எண்ணுக்கு முன்னால், அவர் பேரரசரின் மகன் என்பதைக் காட்டும் எழுத்து ஒன்றும் வரும் என்பதால், இந்தத் திருத்தத்தைச் செய்தால் வாக்கியமே குலைந்துபோகும். சிங் அரசர்கள் மஞ்சு இனத்தவர். உயில் மஞ்சு மொழியிலும் எழுதப்பட்டது. அந்த எழுத்துமுறையில் இந்தத் தந்திரத்துக்கு இடமில்லை.

அதற்காக ஐயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1722 டிசம்பரில் காங்சி இறந்த பிறகே அந்த உயில் வெளியிடப்பட்டது. அவர் வாய்மொழியாக வாரிசை அறிவித்தார் என்பதற்கு முக்கியச் சாட்சியான லொங்கொதோ, தலைநகர்க் காவல்படையின் தலைவர். யோங்செங்கின் பக்கம் நின்றவர். பதினான்காம் இளவரசரோ அப்போது வடமேற்கில் படையோடு இருந்தார்.

என்னை அதிகம் ஈர்ப்பது, இந்த வதந்திகளுக்கு யோங்செங் தாமே எழுதிய பதில். 1728-இல் ஹூனானைச் சேர்ந்த செங் ஜிங் என்ற ஆசிரியர், ஆளுநராகவும் தளபதியாகவும் இருந்த யூவே சோங்சிக்குத் தம் மாணவர் வழியாக ஒரு கடிதம் அனுப்பி, மஞ்சு ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுமாறு தூண்டினார். தந்தைக்கு எதிரான சூழ்ச்சி, தாயைத் துன்புறுத்தியது, உடன்பிறந்தாரைக் கொன்றது, பேராசை, குடி, காமம் என்று பேரரசர்மேல் பத்துக் குற்றங்கள் அதில் சாட்டப்பட்டிருந்தன. தளபதி உடன்படுவதுபோல் நடித்து, விவரங்களைக் கறந்து, மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்.

வேறெந்த அரசரும் தலையை வாங்கியிருப்பார். யோங்செங் உட்கார்ந்து ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் மறுப்பு எழுதினார். குடிகாரர் என்ற பேச்சுக்கு அவர் காட்டும் சான்று வேடிக்கையானது: தலைநகருக்கு வந்த ஒரு படைத்தலைவர், தம்மை நாள்தோறும் பார்த்தபின், ‘குடிப்பவரின் முகமாகவே இல்லையே, வெளியூரில் ஏன் அப்படிச் சொல்கிறார்கள்?’ என்று கேட்டாராம். வாசகர்களுக்குப் பதில் எழுதியே பழகிய எனக்கு, ஒன்றையும் விடாமல் மறுத்துவிடத் துடிக்கும் அந்த மனிதரின்மேல் கொஞ்சம் பரிவு உண்டு. ஆனால் அவரது கருணை எல்லாருக்கும் கிட்டவில்லை: செங் ஜிங்கை மன்னித்தவர், அவருக்கு ஊக்கமாயிருந்த நூல்களை எழுதி 1683-இலேயே இறந்துவிட்ட லூ லியூலியாங்கின் உடலைத் தோண்டியெடுத்து அவமதிக்கச் செய்தார்.

மறுப்புகளும் விசாரணை வாக்குமூலங்களும் நூலாகத் தொகுக்கப்பட்டு, மாணவர்கள் படிக்கவேண்டும் என்ற ஆணையோடு நாடெங்கும் அனுப்பப்பட்டன. 1735-இல் அரியணை ஏறிய மகன் சியான்லோங், தம் வழித்தோன்றல்களும் தண்டிக்கக்கூடாது என்று தந்தை சொல்லியிருந்த செங் ஜிங்கைக் கொல்லச் செய்து, நூலையும் திரும்பப் பெற ஆணையிட்டார். பிரதிகள் சில தப்பின. தாங்கள் தொடரில் கண்ட, பத்தைத் திருத்திய கதையும் அந்த நூலில் இருக்கிறது. தம்மோடு பகைத்த இளவரசர்களின் அரண்மனைகளிலிருந்து நாடு கடத்தப்பட்ட ஊழியர்கள் வழிநெடுகப் பரப்பிய பொய்யென்று காட்டுவதற்காக யோங்செங்தான் அதை அங்கே எடுத்தெழுதிச் சேர்த்தார்.