கன்னு செத்ததும் மாடு பாலை மறைக்குதா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்க பசு தலையீத்து, கன்னு போட்டு 20 நாள் ஆச்சு. கன்னு விட்டு கறந்தப்ப வேளைக்கு 4 லிட்டர் குடுத்துச்சு. 6 நாளைக்கு முன்னாடி கன்னு கழிச்சலாகி செத்துப்போச்சு. அதுலருந்து முக்கா லிட்டர், மிஞ்சிப்போனா 1 லிட்டர்தான் வருது, கறந்து முடிச்ச பிறகும் மடி கனமாவே இருக்கு. கிட்ட போனாலே உதைக்குது, அதனால பின்னங்கால கட்டிப்போட்டு நான் கயித்த பிடிச்சுக்க வீட்டுக்காரர் அவசர அவசரமா கறந்துடுவாரு. தீனி நல்லாதான் தின்னுது, காய்ச்சல் இல்ல. ஒரு ஊசி போட்டா ஒரே நிமிஷத்துல பால் எறங்கிடும்னு சொல்றாங்க, போடலாமா? மாடு வேணும்னே பாலை மறைக்குமா?

பதில்: வணக்கம்மா. வேணும்னு மறைக்கிறதெல்லாம் மாட்டால முடியாது. நீங்க சொன்ன அந்த முக்கா லிட்டர் கணக்குலயே பாதி பதில் இருக்கு.

மடின்னா உள்ள ஒரு பெரிய தண்ணிப் பை, அதுல பால் தளும்பிட்டு இருக்கும், காம்பு அதோட குழாய்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. அறுத்துப் பார்த்தா அது பாலை உறிஞ்சி வச்ச ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும். திராட்சைக் கொத்து மாதிரி லட்சக்கணக்கான குட்டிக் குட்டிப் பைகள், ஒவ்வொண்ணும் 1 மில்லிமீட்டர்ல கால்வாசி கூட தேறாது, அதுக்குள்ளதான் பால் ஊறுது. 1 லிட்டர் பால் ஊறணும்னா 400, 500 லிட்டர் ரத்தம் மடி வழியா ஓடியாகணும்னா பாத்துக்கோங்க. ஊறின பால்ல காம்புக்கு மேல இருக்கிற தொட்டிக்கு தானா வடிஞ்சு வர்றது பசுவுல 5ல 1 பங்குதான், மிச்ச 4 பங்கு அந்தப் பைகளுக்குள்ளயும் நுண்ணிய குழாய்கள்லயும் ஒட்டிக்கிட்டே நிக்கும். இப்ப உங்க கணக்கப் போடுங்க, 4 லிட்டர்ல 5ல 1 பங்கு 800 மில்லி. உங்களுக்கு வர்றது முக்கா லிட்டர். அதாவது நீங்க தொட்டிப் பாலை மட்டும் கறந்துட்டு எழுந்து வர்றீங்க, மிச்சம் உள்ளயே நிக்குது, அதான் மடி கனம் குறையல.

அந்த மிச்சத்த கையால எவ்ளோ இழுத்தாலும் எடுக்க முடியாது. ஒவ்வொரு பையச் சுத்தியும் வலை பின்னின மாதிரி தசை செல் இருக்கு, அது சுருங்கிப் பிழிஞ்சாதான் பால் கீழ எறங்கும், அதைப் பிழிய வைக்கிறது ஆக்சிடோசின்னு ஒரு ஹார்மோன். கன்னு முட்டுறது, காம்ப சப்புறது, கன்னோட வாசனை, இதெல்லாம் நரம்பு வழியா மூளைக்குப் போகும், மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசினை ரத்தத்துல விடும், அது மடிக்கு வந்து வேலையக் காட்ட ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் ஆகும். சுரப்பு விடுறதுன்னு நாம சொல்றது இதைத்தான். காம்பு விறைச்சு, சிலதுல தானாவே சொட்டும், பாத்திருப்பீங்க.

உங்க மாட்டுக்கு இதுவரைக்கும் தெரிஞ்ச ஒரே சாவி கன்னுதான், அது போயிடுச்சு. தலையீத்து வேற, மனுஷக் கை மடியில படுறதே அதுக்குப் புதுசு. போதாக்குறைக்கு கால் கட்டு, கயிறு இழுப்பு, அவசரம். பயந்த மாட்டுக்கு மூளையில இருந்து ஆக்சிடோசின் வெளிய வர்றதே நின்னுபோகும். அதோட அட்ரினலினும் ஏறுறதால மடிக்குப் போற ரத்தக்குழாய் சுருங்குது, வர்ற கொஞ்ச நஞ்ச ஹார்மோனும் சரியா போய்ச் சேராது. நான் ஊசி போட்டுட்டு வந்த ஒரு வீட்ல மறுநாள் என் வண்டிச் சத்தம் கேட்டதுக்கே பால் எறங்காம நின்ன மாடு உண்டு, அன்னைக்கு நான் கிளம்பிப் போன பிறகுதான் கறக்கவே முடிஞ்சது.

இதுதான் காரணம்னு உறுதி பண்ணிக்க மடிநோய் இல்லைன்னு மட்டும் பாத்துடுங்க. 4 காம்புக்கும் மேல 4 தனித்தனி அறை, ஒண்ணோட பால் இன்னொண்ணுக்குப் போகாது, அதனால மடிநோய் பெரும்பாலும் ஒரு காம்பு ரெண்டு காம்புலதான் காட்டும். முதல் ரெண்டு மூணு பீச்ச கருப்புத் தட்டுல விட்டுப் பாருங்க, திரியோ தண்ணியோ ரத்தமோ தெரிஞ்சா, இல்ல ஒரு பக்கம் மட்டும் சூடா கல்லு மாதிரி இருந்து தொட்டா வலியில துள்ளுச்சுன்னா அது வேற கதை, அன்னைக்கே டாக்டரக் கூப்பிடணும். இன்னொரு அடையாளமும் இருக்கு, சுரப்பு விடாத பால்ல கொழுப்பு ரொம்பக் குறைவா வரும், ஏன்னா கொழுப்பு அதிகமா இருக்கிறது கடைசியா வர்ற பால்லதான். பால் தண்ணியா இருக்குன்னு யாராச்சும் சொல்லியிருந்தா அதுக்கும் இதான் காரணம்.

இனி செய்ய வேண்டியது. கால் கட்டை ஒரே நாள்ல விட முடியாது, உதை வாங்கச் சொல்லல, ஆனா கறக்காத நேரத்துல தினம் ரெண்டு மூணு தடவ போய் முதுகு, வயிறு, அப்புறம் மடின்னு தடவிப் பழக்குங்க. கறக்கிறது ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே இடமா இருக்கட்டும், பால் விடுற வரைக்கும் யாரும் சத்தம் போட வேண்டாம். அதுக்குப் பிடிச்ச தீனிய கறக்கிறப்ப மட்டும் முன்னால வைங்க, தின்னுக்கிட்டே கறந்தா ஆக்சிடோசின் கூடவே வரும். வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச துணியால காம்பையும் மடியையும் துடைச்சு, கன்னு முட்டுற மாதிரி கீழருந்து மேல லேசா அழுத்தி, முழுசா ஒரு நிமிஷம் தடவிட்டுக் காத்திருங்க. அந்த ஒரு நிமிஷந்தான் எல்லாரும் விடுற தப்பு, உட்கார்ந்ததும் இழுக்க ஆரம்பிச்சிடுவாங்க. ஆனா சுரப்பு விட்டுச்சுன்னா அப்புறம் நிறுத்தவே கூடாது, ரத்தத்துல ஆக்சிடோசின் சில நிமிஷம்தான் நிக்கும், 6, 7 நிமிஷத்துக்குள்ள ஒட்டக் கறந்துடணும், நடுவுல எழுந்து போயிட்டு வந்தா மறுபடி எறங்காது. வீட்டுக்காரர் கட்டைவிரல மடக்கி வச்சுக் கறக்கிறவரா இருந்தா அதை நிறுத்தச் சொல்லுங்க, காம்புல வலி இருந்தா நீங்க பாடுற தாலாட்டெல்லாம் வீண், முழுக் கையால அழுத்திக் கறக்கணும்.

ஊசி விஷயம். அதுல இருக்கிறதும் அதே ஆக்சிடோசின்தான், மூளையோட தயவு இல்லாம நேரா ரத்தத்துல போறதால உடனே எறங்கும், பக்கத்துல சொன்னது பொய் இல்ல. ஆனா தினமும் போட்டுக்கிட்டே வந்தா மாடு தானா சுரப்பு விடுறது குறைஞ்சு ஊசி இல்லாம கறக்கவே முடியாத நிலை வந்துடும், அதை நிறைய பாத்தாச்சு. அதுக்காக ஊசியே கூடாதுன்னும் சொல்ல மாட்டேன், உங்க கேஸ்ல 6 நாளா பால் தேங்கி நிக்குது. தேங்கின பால் அழுத்தம் குடுத்து ஊறுற வேகத்தையே குறைச்சிடும், மடிநோய்க்கும் தோதாயிடும். அதனால டாக்டர் வந்து பார்த்து அளவு சொல்லி ஒண்ணு ரெண்டு வேளை போட்டு மடியக் காலி பண்றது சரி. போடுறப்பவும் துடைச்சுத் தடவுறத விடாதீங்க, பால் எறங்குற சுகத்த மாடு அந்தத் தடவலோட சேர்த்து ஞாபகம் வச்சுக்கணும், அப்புறம் ஊசிய எடுத்துடலாம்.

பின்பக்கம் காத்து ஊதுறது, கைய விடுறதுன்னு யாராச்சும் கிளம்புவாங்க. கருப்பை வாய்ப் பக்கம் தூண்டினாலும் ஆக்சிடோசின் வரும்ங்கிறது உண்மைதான், கன்னு ஈனுறப்ப அதான் நடக்குது, ஆனா கன்னு போட்டு 20 நாள்ல கருப்பை இன்னும் முழுசா ஆறல, சீழ் புடிச்சா அடுத்த சினைக்கே சிக்கல். வேண்டாம்.

கறந்து முடிச்சதும் காம்பு துவாரம் மூட அரை மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுவரைக்கும் படுக்க விடாம கொஞ்சம் தீனி போட்டு நிறுத்தி வைங்க. நாலஞ்சு நாள்ல ஒரு நாள் நீங்க பாத்திரத்த எடுக்குற சத்தத்துக்கே காம்புல பால் சொட்டும். அன்னைக்குக் கால் கட்டை அவுத்துப் பாருங்க.