கொருக்குப்பேட்டையை விட்டு பொன்னேரி பக்கம் கிராமத்தில் வீடு கட்டிப் போகப்போகிறோம். முன்கூட்டியே என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. வாடகை கட்டி மாளவில்லை, இரண்டு பிள்ளைகள், மனை பார்த்தாயிற்று, சொந்தத் தண்ணீரோடு நிம்மதியாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே கணக்கைத்தான் நாங்களும் போட்டோம். பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில், அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கிப் போகிற ஒரு ஊரில் இருக்கிறேன்.

பட்டா, வில்லங்கம் பற்றி எல்லோரும் சொல்லிவிடுவார்கள், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். பட்டாவை அரசு இணையதளத்தில் நீங்களே பாருங்கள், புரோக்கர் நீட்டுகிற ஜெராக்ஸை நம்பாதீர்கள். அந்த மனை மேல் நடந்த விற்பனை, அடமானம் எல்லாம் காட்டுகிற வில்லங்கச் சான்றை 30 வருஷத்துக்காவது போட்டுப் பாருங்கள். மனைப்பிரிவுக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் அந்த அனுமதிக்கு ஈடாகாது. அங்கீகாரமில்லாத மனையாக இருந்தால், அது 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்றுப் பதிவானதா, அதற்கப்புறம் அரசு அதை முறைப்படுத்தி வரன்முறை செய்த உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த உத்தரவைக் கையில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இனி தண்ணீருக்கு வருகிறேன்.

2019 கோடை ஞாபகம் இருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்த வருஷம். லாரித் தண்ணிக்காக ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் தெரு முனையில் குடங்களை வரிசை போட்டு உட்கார்ந்திருப்போம். இரண்டு வருஷம் முன்பே வாங்கிப் போட்டிருந்த மனையில் வீட்டைக் கட்டிவிடலாம் என்று அந்த வரிசையில் உட்கார்ந்துதான் முடிவெடுத்தோம். ஆடி முடிந்து ஆவணியில் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு போட்டோம். 120 அடி, மோட்டாரோடு சேர்த்து 70 ஆயிரம் ரூபாய். தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்ததும் வீட்டுக்காரர் கைதட்டினார். மாமியார் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, இரண்டு கையிலும் ஏந்தி ஒரு வாய் குடித்தார். குடித்தவர் திரும்பி நின்று துப்பினார். என்னைப் பார்த்து, "கண்ணு, காசிமேட்டுத் தண்ணி மாதிரியே இருக்குது" என்றார். அவர் பிறந்து வளர்ந்தது காசிமேடு. கடல் தண்ணீரின் ருசி அவருக்குத் தெரியும்.

சோதித்துப் பார்த்தால் கரைந்த உப்பு லிட்டருக்கு 3,400 மில்லிகிராம். குடிநீருக்கு 500 இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கொத்தனார் அதைவிடப் பெரிய குண்டைத் தூக்கிப் போட்டார். "இந்தத் தண்ணியில கான்கிரீட் போட்டா உள்ள இருக்கிற கம்பி அரிச்சிடும்மா." கட்டி முடிக்கிற வரைக்கும் டேங்கர் தண்ணீர்தான் வாங்கினோம். கணக்கில் இல்லாத செலவு அது. என் தாலிக்கொடியை அடகு வைத்துச் சமாளித்தோம்.

இதில் இன்றைக்கும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. போர் போட்ட மறுநாள் பக்கத்து நிலத்துப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, கொடையறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? ரயில் ரோட்டுக்கு இந்தாண்ட நம்ம ஊருல எறைக்கிற தண்ணியில மாடுகூட வாய் வைக்காதே" என்றார். அவர் வீடு எங்கள் மனையிலிருந்து கூப்பிடு தூரம். இரண்டு வருஷத்தில் பத்துத் தடவையாவது அந்த மனைக்குப் போயிருப்போம். புரோக்கரிடம் பேசினோம், சர்வேயரிடம் பேசினோம், இவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள். சுற்றிலும் நாலு வீட்டில் போர் எத்தனை அடி, சித்திரையில் எப்படி வருகிறது, குடிக்க எதைப் பிடிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துவிட்டு அப்புறம் மனைக்குப் பேசுங்கள்.

'ஊரைக் கெடுக்கிறாயே, மனை விலை இறங்கிவிடும்' என்று யாராவது கீழே எழுதலாம். அவர்களுக்கும் சொல்கிறேன், இது அந்த ஊர்க்காரர்கள் செய்த தப்பு இல்லை. 1960-களின் கடைசியிலிருந்து மீஞ்சூர் வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு மணலி ஆலைகளுக்கும் சென்னைக்கும் இறைத்தார்கள். நிலத்தடி நீர் கீழே போகப் போக, கடல் தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர். அந்தத் தண்ணீரும் சென்னைக்குத்தான் போனது. வண்ணாரப்பேட்டையில் நான் குடித்து வளர்ந்த தண்ணீரில் இவர்கள் நிலத்துத் தண்ணீரும் கலந்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு அந்தப் பெரியவர் முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருக்கும்.

அடுத்தது பாம்பு. பயமுறுத்தச் சொல்லவில்லை, பிள்ளைகள் இருக்கிற வீடு என்பதால் சொல்கிறேன். 2021 ஐப்பசி மழையில் ஒரு நாள் விடியற்காலை, தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த என் பையனின் கொசுவலைக்கு வெளியே, விளிம்பை ஒட்டி ஒரு கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு கோடாக, அசையாமல். வலையைப் பாய்க்கு அடியில் செருகியிருந்ததால் பிள்ளை பிழைத்தான். கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும். கடித்தால் பெரிதாக வலிக்காது, தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடிந்து பார்த்தால் கண் இமை தூக்க முடியாது, பேச்சு குழறும். அதனால் பிள்ளைகளைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். வைத்தால் கொசுவலையை நன்றாகச் செருகுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கையைக் காலை ஆட்டாமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். எந்தப் பாம்பு என்று தேடிப் பிடித்து நேரத்தைக் கழிக்காதீர்கள்.

நான் பாரிமுனையில் ஒரு காகித மண்டியில் கணக்கு எழுதுகிறேன். தினமும் ரயில்தான். கும்மிடிப்பூண்டி லோக்கலில் சீசன் டிக்கெட் எடுத்தால் பஸ்ஸோடு ஒப்பிடும்போது செலவு ஒன்றுமே இல்லை. ஆனால் வடக்கே போகிற எக்ஸ்பிரஸ் பலவற்றுக்கும் இதே பாதைதான். அவற்றுக்கு வழிவிட்டு லோக்கலை நிறுத்திவிடுவார்கள். வேலை ஒன்பதரைக்கு என்றால் ஒன்பதுக்கே போய்ச் சேருகிற ரயிலைப் பிடியுங்கள். கடைசி ரயில் எத்தனை மணி, அதிலிருந்து இறங்கினால் ஊருக்கு ஆட்டோ இருக்குமா என்று ஒரு நாள் ராத்திரி போயே பாருங்கள். அதேபோல மனையை மழைக்காலத்தில் ஒருமுறை பாருங்கள். ஆரணியாறும் கொசஸ்தலையும் கடலுக்குப் போகிற வழி இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்களுக்கு ஐந்து நாள் கரண்ட் இல்லை. வாசல் படியை மூன்றடி உயர்த்திக் கட்டியது அப்போதுதான் கைகொடுத்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதுகிறேன். குடிபோன புதிதில் எங்களைப் பற்றி ஊரில் பேசிக்கொண்டது, "வண்ணாரப்பேட்ட ஆளுங்களாம், பாத்து இருங்க" என்று. என் அப்பா 38 வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். அடுத்தவர் காசு ஒரு ரூபாய் கையில் தங்கவிடாதவர். சினிமாவில் வடசென்னை என்றால் கத்தியும் கஞ்சாவும் என்று காட்டிக்காட்டியே, மழையில் ஒருத்தருக்கொருத்தர் சோறு பொங்கிப்போட்ட எங்கள் ஜனங்களை இப்படி ஆக்கிவிட்டார்கள். வீடு வாடகைக்குக் கேட்டால் இல்லை என்பார்கள், வேலைக்குப் போனால் முகவரியைப் பார்ப்பார்கள். அதோடு கிராமத்தில் "நீங்க எந்தத் தெரு, யாரு வூட்டு ஆளு" என்று சுற்றிச்சுற்றி ஒரு கேள்வி வரும். என்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்குப் புரியும். நான் பதில் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டிய கடமை இல்லை.

ஆனால் ஒதுங்கியும் இருக்காதீர்கள். ஆதாரில் முகவரியை மாற்றி, ரேஷன் கார்டை மாற்றி, படிவம் 8 கொடுத்து ஓட்டையும் அங்கே கொண்டுபோங்கள். ஓட்டு இருந்தால் கிராம சபையில் நீங்கள் பேசலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. 2022 ஆகஸ்ட் 15 அன்று எழுந்து நின்று, எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டும் என்று கேட்டேன். கை நடுங்கியது. உடனே எழுந்து, "அந்தப் பொண்ணு கேக்கறது நாயம்" என்றவர் அந்தப் பக்கத்து நிலத்துப் பெரியவர். தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். மறு வருஷம் குழாய் வந்தது. காலை ஆறேகாலுக்குத் தண்ணீர் விட்டு ஏழுக்கு நிறுத்துவார்கள், அதற்குள் எட்டுக் குடம் பிடித்துவிடுவோம். முதல் குடத்தை மாமியார்தான் பிடிப்பார்.

உங்கள் மனை எந்த ஊர், ரயில் பாதைக்கு எந்தப் பக்கம் என்று கீழே எழுதுங்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் ரயிலில் என்னோடு வருகிறார்கள், தண்ணீரை விசாரித்துச் சொல்கிறேன்.