அறிவித்த விலைக்கு கிராபிக்ஸ் கார்டு ஏன் கிடைப்பதில்லை: எஸ்.பி. ரோடு கவுண்டரிலிருந்து ஒரு பதில்

"புதிதாக வரும் கிராபிக்ஸ் கார்டுகள் அறிவித்த விலையைவிட எப்போதும் கூடுதலாகவே விற்கின்றனவே, கடைக்காரர்கள் பதுக்கி வைத்துக் கொள்ளையடிக்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேம், அனிமேஷன் ஓட்ட கம்ப்யூட்டருக்குள் போடும் கார்டைத்தான் சொல்கிறீர்கள். கேள்வியின் பின்பாதி இல்லாமல் இருந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். 2002லிருந்து பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் கவுண்டரில் நிற்கிறேன். கடை என்னுடையது இல்லை, மாதச் சம்பளம்தான். ஆனால் திட்டு வாங்குவது நான்.

நீங்கள் வெளியீட்டு வீடியோவைப் பார்த்து, அந்த விலைக்குப் பணம் சேர்த்துக்கொண்டு, கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த முகத்தை நான் கவுண்டருக்கு எதிரே நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேடையில் சொல்லும் விலை வேறு, பெட்டியில் ஒட்டியிருக்கும் எம்ஆர்பி வேறு. மேடை விலை என்பது சிப் கம்பெனி சொல்லும் யோசனை. அந்த விலைக்கு விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் கிடையாது. எம்ஆர்பி அப்படியல்ல. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டப்படி தப்பு, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் போட்டுப் புகார் சொல்லலாம். ஆனால் எங்கள் கடைக்கு வரும் கார்டுகளில், நாங்கள் விற்கும் விலையைவிடப் பல ஆயிரம் கூடுதலாகத்தான் எம்ஆர்பி ஸ்டிக்கர் இருக்கும். அதனால் அந்தச் சட்டத்தால் உங்களுக்குப் பெரிய பலன் இல்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

2025 பிப்ரவரி 20ஆம் தேதி சிப் கம்பெனியான என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ என்ற கிராபிக்ஸ் கார்டு விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 749 டாலர், இங்கே 80,000 ரூபாய் என்று என்விடியா அறிவித்திருந்தது. சனிக்கிழமை ஒரு அப்பாவும் மகனும் கடைக்கு வந்தார்கள். அப்பா வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, எங்கள் ஊர்க்காரர். கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பையன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், பிளெண்டர் என்ற சாஃப்ட்வேரில் அனிமேஷன் செய்கிறான். சட்டைக்குள் கைவிட்டு ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார் அப்பா. ஐந்நூறு ரூபாய் நோட்டு, சரியாக 160. லேத் ஆயில் கறை நகக்கண்ணில் இன்னும் போகாத கை அது.

எங்கள் விலை 97,500 என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "தம்பி, கம்பெனிக்காரன் எண்பதுன்றான், நீ தொண்ணூத்தி ஏழரைன்ற. இதுல யாரு சொல்றது பொய்?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் யாருக்கும் செய்யாத ஒன்றை அன்றைக்குச் செய்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் எங்களுக்குப் போட்ட பில்லை எடுத்துக் காட்டினேன். வரியோடு 94,200. மிச்சம் 3,300 ரூபாய். அதில்தான் கடை வாடகை, எங்கள் சம்பளம், கரண்ட் எல்லாம். அந்த முறை எங்களுக்கு வந்ததே நான்கு கார்டு. அந்த நான்குக்கும் கூடவே, விற்காமல் கிடந்த நான்கு கேபினெட்டை (கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டி) எங்கள் தலையில் கட்டினார்கள். கேபினெட் வேண்டாம் என்றால் கார்டும் கிடையாது. இதையும் அவரிடம் சொன்னேன்.

749 டாலரை 87 ரூபாயால் பெருக்கினால் 65,000 சொச்சம் வரும். அமெரிக்க விலையில் வரி சேராது, நம் ஊரில் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. சேர்த்தால் 77,000 கிட்ட. எண்பதாயிரத்துக்கு மீதி இருக்கும் மூவாயிரத்தில் கப்பல் கூலி, இறக்குமதியாளர், டிஸ்ட்ரிபியூட்டர், கடை என்று எத்தனை கை? "டாலர் விலைக்குள்ளேயே கடைக்காரர் பங்கு இருக்கிறதே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். உண்மைதான், இருக்கிறது. ஆனால் இங்கே சரக்கு இன்னும் இரண்டு கை மாறித்தான் எங்களிடம் வருகிறது.

இந்த 5070 டிஐயில் இன்னொரு விஷயம். என்விடியா தன் பெயரிலேயே விற்கும் ஃபவுண்டர்ஸ் எடிஷன் இதற்குக் கிடையாது. அதாவது விலையைச் சொன்ன கம்பெனி அந்த விலைக்கு ஒரு கார்டுகூட விற்கவில்லை. சிப்பை வாங்கி போர்டு, சூடு தணிக்கும் ஹீட்சிங்க், ஃபேன் வைத்து விற்கும் கம்பெனிகள்தான் விற்றாக வேண்டும். அவர்கள் அறிவித்த விலைக்கு ஒரு சாதா மாடலைப் பெயருக்குக் கொஞ்சம் அனுப்பிவிட்டு, மூன்று ஃபேன், ஓவர்கிளாக் (வேகம் கூட்டியது) என்று விலை கூடிய மாடலாகவே அனுப்புவார்கள். அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, சாதா மாடலில் அவர்களுக்கு நிற்பது கொஞ்சம்தான். இவிஜிஏ என்ற பெரிய கம்பெனி 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டு தொழிலையே விட்டுவிட்டுப் போனது.

சரக்கு ஏன் குறைவு என்றால், தைவானில் டிஎஸ்எம்சி ஆலையில்தான் இந்தச் சிப்பும் ஏஐ சிப்பும் சேர்ந்து தயாராகின்றன. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவுக்கு டேட்டா சென்டரில் வந்தது 11,500 கோடி டாலருக்கு மேல். கேமிங்கில் சுமார் 1,135 கோடி. பத்து மடங்கு வியாபாரம் அந்தப் பக்கம் இருக்கும்போது ஆலையில் யாருக்கு முதலிடம் கிடைக்கும்?

"அப்போ எஸ்.பி. ரோட்டில் பதுக்கலே நடக்கவில்லையா?" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: நடந்தது. 2021இல், எத்தேரியம் மைனிங், அதாவது கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி எத்தேரியம் என்ற கிரிப்டோ காசு சம்பாதிப்பது, உச்சத்தில் இருந்தபோது, நானே செய்தேன். 51,000 ரூபாய் என்று அறிவித்த ஆர்டிஎக்ஸ் 3070 கார்டு குடோனில் இரண்டு இருக்கும்போதே "ஸ்டாக் இல்லை" என்று சொல்லியிருக்கிறேன். முழு கம்ப்யூட்டராக வாங்குபவருக்கு மட்டும் கொடு என்பது மேலிருந்து வந்த உத்தரவு. உத்தரவு என்றாலும் சொன்னது என் வாய்தான், அது இன்றைக்கும் உறுத்துகிறது. 2022 செப்டம்பரில் எத்தேரியம் மைனிங் நின்றது. அப்புறம் இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் மூட்டை மூட்டையாக இதே ரோட்டுக்கு வந்தன. ஆனால் 2025இல் பதுக்குவதற்கு எங்களிடம் சரக்கே இல்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த அப்பாவும் பையனும் வந்தது தங்கவயலிலிருந்து பெங்களூர் வரும் மாரிகுப்பம் ரயிலில். நானும் அதே ரயிலில்தான் பல வருடம் வந்தேன். என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001இல் சுரங்கம் மூடிய பிறகு ஊரே பிழைப்புக்கு இந்த ரயிலில் ஏறியது, இன்னும் ஏறுகிறது. விடிகாலையில் ஏறி, நூறு கிலோமீட்டர் ஒற்றைக் காலில் நின்று வந்து, ராத்திரி அதேபோல நின்று திரும்ப வேண்டும். அத்தனை பேருக்குத் தகுந்த பெட்டி போடவும் ஆளில்லை, ஊரிலேயே ஒரு வேலை உண்டாக்கவும் ஆளில்லை. நூறு வருடத்துக்கு மேல் பூமிக்கடியிலிருந்து தங்கம் எடுத்துக் கொடுத்த ஊர் ஐயா அது.

சரி, உங்களுக்கு வருகிறேன். இந்தக் கார்டை வைத்து இந்த மாதமே சம்பாதிக்கப் போகிறீர்கள் என்றால் கூடுதல் கொடுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் மூன்று நான்கு மாதம் பொறுங்கள். முதல் சரக்கின் சூடு தணிந்தால் பெரும்பாலும் விலை இறங்கும். எப்போதும் இறங்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களுக்காக, இந்தக் கார்டுகளிலும் இருக்கும் மெமரி சிப்பின் விலை எகிறியபோது, காத்திருந்தவர்கள் சிலர் ஏமாந்தார்கள். வாங்கும்போது பில்லில் சீரியல் நம்பர் எழுதித் தரச் சொல்லுங்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

அந்தப் பையனிடமும் அன்றைக்கு இதையே சொல்லி, என் போன் நம்பரைக் கொடுத்து அனுப்பினேன். ஜூனில் விலை இறங்கியதும் நானே கூப்பிட்டேன். 82,500க்கு பில் போட்டோம். அதே ரப்பர் பேண்ட், அதே கவர், மேலே ஐந்து நோட்டு கூடுதல். பையன் பெட்டியைத் திருப்பி, அதிலிருந்த சீரியல் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். அப்பா பில்லில் விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார்.