டயர் 350 ரூபாய் குறைவு, மாட்டும் கூலியோ தலைசுற்றுகிறது: எங்கே வாங்கலாம்?

கேள்வி: எங்களிடம் 2019 மாடல் ஸ்விப்ட் கார் இருக்கிறது. 52,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. வாங்கும்போது வந்த டயர்கள்தான் இன்னும். நான்கையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். அளவு 165/80 ஆர்14. எங்கள் ஊர் டயர் கடையில் ஒன்று 4,300 ரூபாய். அதே கம்பெனி, அதே மாடல் ஆன்லைனில் 3,950. நான்குக்கு 1,400 ரூபாய் மிச்சமாகுமே என்று ஆர்டர் போடும் முன், மாட்டித் தர எவ்வளவு என்று அதே கடையில் கேட்டேன். வெளியில் வாங்கிய டயர் என்றால் சக்கரத்துக்கு 150 ரூபாய் கூலி, பேலன்சிங் 150, வெயிட் கிராமுக்கு 4 ரூபாய், வால்வு 80, நைட்ரஜன் 50, இது போக அலைன்மென்ட் 600 என்று அடுக்கினார்கள். அங்கேயே வாங்கினால் பிட்டிங், பேலன்சிங், வால்வு மூன்றும் இலவசமாம். தெருமுனை பஞ்சர் கடைக்காரர் ஒரு டயரை 60 ரூபாய்க்கு மாட்டித் தருகிறேன் என்கிறார். என் கணவரோ கிரெடிட் கார்டில் ஆறு மாத நோ காஸ்ட் இஎம்ஐ போட்டு ஆன்லைனிலேயே வாங்கிவிடலாம் என்கிறார். எது சார் லாபம்?
- திருப்பூர் வாசகி

பதில்: முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். ஆன்லைனில் நான்கு டயர் 15,800 ரூபாய். மாட்டும் கூலி 600, சக்கரம் அதிராமல் சுற்ற எடையைச் சமன்செய்யும் பேலன்சிங் 600, வால்வு 320. அதற்காக ரிம்மில் அடிக்கும் சின்ன உலோகத் துண்டுதான் வெயிட், அது எவ்வளவு பிடிக்கும் என்பது மெஷினில் ஏற்றினால்தான் தெரியும். சக்கரத்துக்கு 35 கிராம் என்று வைத்தால் 140 கிராம், 560 ரூபாய். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் 600. காற்றுக்குப் பதில் அடிக்கும் நைட்ரஜனைக் கணக்கில் விட்டுவிட்டேன், காரணம் அப்புறம் சொல்கிறேன். ஆக மொத்தம் 18,480. கடையிலேயே வாங்கினால் டயர் 17,200, வெயிட் 560, அலைன்மென்ட் 600, மொத்தம் 18,360. நீங்கள் மிச்சம் பிடிக்கப் பார்த்த 1,400 ரூபாய் போய், 120 ரூபாய் கைநஷ்டம்.

கடைக்காரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. டயரில் கிடைக்கும் லாபத்தில் கூலியை அடக்கிக்கொண்டுதான் ‘இலவசம்’ என்கிறார். டயரை வேறு இடத்தில் வாங்கினால் அந்த லாபம் அவருக்கு இல்லை, அதனால் கூலியைத் தனியாகக் கேட்கிறார். ஊருக்கு ஊர் இந்த ரேட் மாறும். ஆகவே எந்தக் கடைக்குப் போன் செய்தாலும் டயர் என்ன விலை என்பதோடு நிறுத்தாமல், ‘மாட்டி, பேலன்ஸ் செய்து, அலைன்மென்ட் பார்த்து, வரியோடு சேர்த்து வண்டியை வெளியே எடுக்க எவ்வளவு?’ என்று கேளுங்கள். இரண்டு மூன்று கடைகளில் இதே கேள்வியைக் கேட்டால் உங்கள் ஊர் ரேட் பிடிபட்டுவிடும்.

பஞ்சர் கடைக்கு வருவோம். 60 ரூபாய் வீதம் நான்குக்கு 240. மாட்டும் கூலியில் 360 ரூபாய் மிச்சம்தான். ஆனால் அவரிடம் பேலன்சிங் மெஷின் இருக்காது. அதற்கும் அலைன்மென்ட்டுக்கும் பழையபடி டயர் கடைக்குத்தான் போக வேண்டும். ஆன்லைன் டயர், பஞ்சர் கடைக் கூலி என்று போட்டால் மொத்தம் 18,120. கடையிலேயே எல்லாவற்றையும் முடிப்பதைவிட 240 ரூபாய் குறைவு. இந்த 240 ரூபாய்க்காக என்ன பணயம் வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். டயரின் உள்விளிம்பைப் பீட் என்பார்கள். உள்ளே இரும்புக் கம்பி ஓடும், மேலே ரப்பர். ட்யூப்லெஸ் டயரில் ரிம்மோடு இந்த விளிம்பு ஒட்டி உட்காருவதால்தான் காற்று நிற்கிறது. டயர் கடை மெஷினில் என்றால், விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, மெஷினின் கை ஒன்று அதை மெல்லத் தள்ள, சக்கரம் சுற்றிச் சுற்றி டயர் உள்ளே போகும். காற்றடிக்கும்போது ‘டப், டப்’ என்று இரண்டு சத்தம் கேட்கும், இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். பஞ்சர் கடையில் லிவரால் நெம்பி மாட்டும்போது அந்த விளிம்பு சற்றே கிழிந்தாலும் போதும், வாரம் ஒருமுறை காற்றடிக்க வேண்டிய வண்டியாகிவிடும். மாட்டும்போது ஆன சேதத்துக்கு டயர் கம்பெனி வாரண்டி தராது. ட்யூப் போட்ட பைக் டயர் என்றால் நான் தயங்காமல் பஞ்சர் கடை அண்ணனிடமே கொடுப்பேன். கார் டயருக்கு வேண்டாம்.

என்னைக் கேட்டால் பில்லிலேயே நியாயமான செலவு, கழற்றி மாட்டும் அந்த 150 ரூபாய்தான். சக்கரத்தைக் கழற்றி, பழைய டயரை ரிம்மிலிருந்து பிரித்து, புதியதை ஏற்றி, திரும்ப வண்டியில் மாட்டித் தருகிறார்கள். நாம் பேரம் பேசுவதென்னவோ அதில்தான். கண் வைக்க வேண்டியது மற்ற செலவுகளில்.

வெயிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமுக்கு 4 ரூபாய் என்றால் கேட்க அற்பமாக இருக்கும். ரிம்மில் ஏற்கெனவே இருக்கும் பழைய வெயிட்டுகளைப் பிடுங்காமல் மெஷினில் ஏற்றினால், அதைச் சரிக்கட்டவும் சேர்த்துப் புது வெயிட் கேட்கும், அந்தக் காசும் உங்கள் தலையில். பிடுங்கிவிட்டு ஏற்றச் சொல்லுங்கள். புது டயரின் பக்கவாட்டில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம். அந்தப் புள்ளி வால்வுக்கு நேராக வரும்படி மாட்டினால் பெரும்பாலும் வெயிட் குறைவாகவே பிடிக்கும். ஒரே சக்கரத்துக்கு 70, 80 கிராம் காட்டினால் உடனே அடிக்க விடாதீர்கள். காற்றை இறக்கி, டயரை ரிம்மில் அரைச்சுற்று திருப்பி மறுபடி ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்காமல் செய்வார். எல்லாம் அடித்த பிறகு இன்னொரு முறை சுற்றவிட்டு, திரையில் இரு பக்கமும் பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள்.

வால்வுக்கு 80 ரூபாயைக் கேட்டுக் கோபப்படாதீர்கள். ரப்பர் வால்வு, டயரின் வயதேதான் அதற்கும். இப்போது விட்டால் பின்னால் அதை மாற்ற டயரை மறுபடி பிரிக்க வேண்டும். நைட்ரஜனை நான் விட்டதற்குக் காரணம், நாம் சுவாசிக்கும் காற்றிலேயே ஏறத்தாழ 78 சதவீதம் அதுதான். மாதம் இருமுறை பங்க்கில் சாதாரணக் காற்றைச் சரிபார்த்தாலே வீட்டு உபயோக வண்டிக்குப் போதும்.

அலைன்மென்ட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. சுமார் 18,000 ரூபாய் செலவில் போட்ட டயர் 45,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 40 பைசா. சக்கரம் கோணலாக இருந்து ஓரம் தேய்ந்து 30,000-த்திலேயே தூக்கிப் போட நேர்ந்தால் 60 பைசா. அந்த 20 பைசா 45,000 கிலோமீட்டருக்கு 9,000 ரூபாய் ஆகிறது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை 600 ரூபாய் கொடுத்துப் பார்த்தாலும், டயர் தேயும்வரை நான்கு தடவை, 2,400 ரூபாய்தான். சரிசெய்வதற்கு முன் இருந்த அளவும் பின் இருந்த அளவும் அச்சான தாளைக் கேட்டு வாங்குங்கள். ‘கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) அவுட், தனியாகச் சரிசெய்ய வேண்டும்’ என்று புதுச் செலவு ஒன்று முளைத்தால், சரி என்று தலையாட்டாமல் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் வண்டியில் அதைத் திருகிச் சரிசெய்யச் சாதாரணமாக வசதி கிடையாது.

இன்னொன்று, விலைப்பட்டியல். கார் டயருக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். இன்றைய 4,300 ரூபாய் டயருக்குப் பழைய வரியில் சுமார் 360 ரூபாய் கூடுதலாக வந்திருக்கும். யாராவது பழைய பட்டியலைக் காட்டி ‘டிஸ்கவுன்ட்’ என்றால் அது டிஸ்கவுன்ட் இல்லை. ‘பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்’ என்பதற்கும் சம்மதிக்காதீர்கள். வாரண்டி கேட்டுப் போகும் நாளில் அந்தத் தாள்தான் பேசும். டயரின் பக்கவாட்டில் கடைசியாக இருக்கும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 3225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்தது. ஆன்லைனில் இதைக் கையில் வரும்வரை பார்க்க முடியாது, கடையில் மாட்டும் முன்பே பார்த்து ‘வேறு எடுங்கள்’ எனலாம். விலை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது நான் கடைப்பக்கம் சாய்வதற்கு இதுவும் காரணம்.

மெக்கானிக் சொல்வது சரியா என்றும் நீங்களே பார்க்கலாம். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். மேல்ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். நம் மோட்டார் வாகன விதிப்படி காருக்கு அதுதான் கடைசி எல்லை. உங்கள் டயர்களுக்குத் தேய்மானத்தோடு வயதும் ஆகிவிட்டது, நான்கையும் மாற்றுவது சரிதான். ‘ஸ்டெப்னி புதுசாகவே இருக்கிறதே, மூன்று வாங்கினால் போதும்’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதற்கும் அதே வயதுதான். அது டிக்கியிலேயே இருக்கட்டும்.

கழற்றிய பழைய டயர்கள் யாருக்கு என்பதைப் பற்றிக் கடைக்காரர் வாயே திறந்திருக்க மாட்டார். வாங்குவதற்கு ஆள் இருக்கிறார்கள், அதனால்தான். தேய்ந்த டயருக்குப் பெரிதாக ஒன்றும் வராது. ஆனாலும் ‘பழைய டயருக்கு என்ன கழிப்பீர்கள்?’ என்று பில் போடும் முன் கேட்டால், அந்த 560 ரூபாய் வெயிட் காசையாவது குறைக்கச் சொல்ல ஒரு பிடி கிடைக்கும்.

கடைசியாக உங்கள் கணவரின் இஎம்ஐ. நோ காஸ்ட் என்றால் வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் தள்ளுபடியாகக் கழித்துவிட, வங்கி வட்டி போட்டு வாங்கிக்கொள்ளும். அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் கார்டில் வரும். பல வங்கிகள் செயலாக்கக் கட்டணமும் சேர்க்கும், அதற்கும் ஜிஎஸ்டி. ஏற்கெனவே 120 ரூபாய் நஷ்டத்தில் இருக்கும் கணக்கில் இது இன்னொரு ஓட்டை. ஒரு தவணை தவறினால் அபராதமும் வட்டியும் டயரில் பேசிய பேரத்தை எல்லாம் விழுங்கிவிடும். கையில் 18,000 ரூபாய் இருந்தால் நேராகக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பின் டயர்களில் இன்னும் பள்ளம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இரண்டு மட்டும் இப்போது போடலாம். புதியவை இரண்டும் பின்னால் போக வேண்டும், அங்கிருக்கும் சுமாரான இரண்டும் முன்னால் வர வேண்டும். மழையில் பின்பக்கம் வழுக்காமல் இருக்க டயர் கம்பெனிகளே சொல்வது இது. மீதி இரண்டைச் சில மாதங்களுக்குள் மாற்றிவிடுங்கள், வயதான டயரை அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் அடுத்த செட்டுக்கு ஏறக்குறைய 45 மாதம் இருக்கிறது. மாதம் 400 ரூபாய் கட்டும் ஆர்டி (தொடர் வைப்பு) ஒன்றை இப்போதே தொடங்குங்கள், அப்போது டயர் விலை ஏறியிருந்தால் வட்டி கொஞ்சம் ஈடுகட்டும்.